பதினான்காம் விதி

2022ஆம் ஆண்டு, மார்ச் ஒன்பதாம் நாள், புதன்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம். பெய்வதா நிற்பதா என்று முடிவெடுக்காத தூறல். குடை கொண்டுவந்தவர்கள் அதை விரிக்கக் கூச்சப்பட்டார்கள். கொண்டுவராதவர்கள் ஒன்றும் ஆகாததுபோல் நனைந்தார்கள். அந்நேரத்தில் நீதிபதி தம் வீட்டுச் சமையலறையில், தலையைப் பின்னுக்குச் சாய்த்து, நாற்காலியின் இரு விளிம்புகளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"கண்ணைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு."

"இதுக்குப் பேரு திறந்ததுன்னா, உங்க கோர்ட்டுக் கதவு என்னைக்கும் மூடினதே இல்லன்னு அர்த்தம். திறங்க."

கண்ணழுத்த நோய்க்கு நாளைக்கு மூன்று வேளை சொட்டு மருந்து. நான்கு ஆண்டுகளாக அதை விடுபவள் அவர் மனைவி. ஆயுள் தண்டனையைக் குரல் பிசகாமல் வாசித்த அந்த மனிதர், ஒரு சொட்டு நீர் மேலிருந்து வருகிறது என்றதும் இமைகளை இறுக்கிக்கொள்வார். அவள் இடக்கையின் இரு விரல்களால் இமையைப் பிரித்து, அவர் முனகி முடிப்பதற்குள் சொட்டை விட்டு, பிறகு கண்ணின் உள்மூலையைச் சுட்டுவிரல் நுனியால் இரண்டு நிமிடம் அழுத்திப் பிடிப்பாள். மருந்து தொண்டைக்கு இறங்காமலிருக்க அந்த அழுத்தம். அதை அவரே செய்துகொள்ளலாம் என்று மருத்துவர் சொன்னதுண்டு. இருவருக்கும் அது காதில் விழவில்லை.

அவள் பத்தொன்பது ஆண்டுகள் அரசு மருத்துவமனையில் செவிலியாக இருந்தவள்; இப்போது இரண்டாம் முறையாகச் சட்டமன்ற உறுப்பினர். தொகுதி முழுவதும் அவளை 'சிஸ்டர்' என்றே அழைத்தது. சுவரொட்டிகளில்கூட அந்தப் பெயர்தான் பெரிதாக இருக்கும். ஊரே அழைக்கும் அப்பெயரால் அழைக்கக் கணவர் ஒருவருக்கு மட்டும் வழியில்லை. 'எனக்கு அந்த விஷயத்துல அதிகார வரம்பு கிடையாது' என்று சொல்லி, 'நர்ஸம்மா' என்று வைத்துக்கொண்டார்.

வீட்டில் ஒரே ஒரு சட்டம் உண்டு. அவள் முதல் தேர்தலில் வென்ற அன்று இருவரும் சேர்ந்து இயற்றியது. சட்டமன்ற அவையைப் பற்றி அவர் கேட்கக்கூடாது. நீதிமன்றத்தைப் பற்றி அவள் கேட்கக்கூடாது. மேசை இரண்டு, இழுப்பறை இரண்டு, சாவி இரண்டு. தொலைபேசி வந்தால் அவள் மொட்டைமாடிக்கும் அவர் வாசலுக்கும் போய்விடுவார்கள். பால்காரருக்கு அவர்கள் சண்டைக்காரத் தம்பதி என்றே நெடுநாள் எண்ணம். "எங்க வீட்ல சட்டம் போடறது நான், தீர்ப்புச் சொல்றது அவர். நிறைவேத்தறது, அந்த வாரம் யார் பாத்திரம் கழுவறாங்களோ அவங்க" என்று அவள் சிரித்துக்கொண்டு சொல்வாள். அந்த வாரம் நிறைவேற்றும் பொறுப்பு நீதிபதியிடம் இருந்தது. நேற்றைய தட்டுகள் தொட்டியிலேயே கிடந்தன.

"இது என்னங்க?"

"நிலுவை" என்றார், கண்ணைத் திறக்காமல்.

அவள் சிரித்தாள், விரலை எடுக்கவில்லை. மேசையில் அன்றைய நாளிதழ், வழக்கம்போல் முதல் பக்கம் தெரியாதபடி கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. அப்பக்கத்தில் என்ன இருக்கும் என்பது அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். நீதிபதிகளை எந்நேரத்திலும், விசாரணையின் நடுவிலும், இடம் மாற்றும் அதிகாரத்தை அமைச்சகத்துக்கு அளிக்கும் மசோதா. அதை ஆராயும் ஏழு பேர் குழு. குழுவில் ஆறு பேர் ஒப்பிவிட்டார்கள் என்ற செய்தி. ஏழாமவள் அவருடைய கண்ணோரத்தில் விரலை வைத்து நின்றிருந்தாள்.

அவள் அதற்கு நேற்றே ஒரு வழி கண்டிருந்தாள். நீதிபதியின் மனைவி நீதிபதிகளைப் பற்றிய மசோதாவில் கருத்துச் சொன்னால், எப்பக்கம் சொன்னாலும் அது கணவனுக்காகச் சொன்னதாகிவிடும். ஆகவே 'இப்பொருளில் கருத்துக் கூறாமல் விலகி நிற்கிறேன்' என்று ஒரு கடிதம் எழுதி, கட்சிக் கட்டளைகளை உறுப்பினர்களிடம் சேர்ப்பிக்கும் கொறடாவிடம் கொடுத்துவிட்டு வந்தாள். குழுவின் செயலாளரிடம் கொடுத்திருக்க வேண்டும். எதிரில் கொறடா வந்தார், கையை நீட்டினார், கொடுத்துவிட்டாள். செவிலியாக இருந்தபோது மருந்துச் சீட்டை வார்டு மாற்றிக் கொடுத்ததே இல்லை என்று பெருமைப்படுபவள் அவள்.

ஒன்பதரை மணிக்கு அவை வளாகத்திலுள்ள அவளுடைய அறைக்குக் கொறடா வந்தார். நாற்பது வயதுக்குள்தான் இருக்கும். மூன்று தொலைபேசிகளையும் மேசையில் வரிசையாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, அவளுக்கென்று வந்த தேநீரைத் தமக்கு நகர்த்திக்கொண்டார்.

"அக்கா, கடிதம் பார்த்தேன். அவ்வளவு கண்ணியமா எழுதியிருக்கீங்க. அப்பவே குழு ஆபீசுக்கு அனுப்பிட்டேன்."

"நன்றி தம்பி."

"நாங்கதான் சொல்லணும். மேலிடத்துக்கு ரொம்ப சந்தோஷம். உங்களுக்குத் தெரியுமான்னு தெரியல, மாறுதல் பட்டியல் ஒண்ணு தயாராகுதாம். அதுல முதல் பக்கத்துலயே அண்ணன் பேரு இருந்துச்சாம்."

"எந்த அண்ணன்?"

"நமக்கு எத்தனை ஜட்ஜ் அண்ணன் இருக்காங்க? எல்லையோரத்துல ஒரு ஊரு. ரயில்ல பன்னிரண்டு மணி நேரம். அங்க கண் டாக்டர்கூட வாரத்துக்கு ஒரு தடவைதான் வர்றாராம்." தேநீரை ஊதினார். "இப்ப அந்தப் பேரு இல்லையாம்."

"நான் எதுவும் கேக்கலையே."

"கேட்டுச் செஞ்சா அது உதவி. கேக்காம செஞ்சா உறவுக்கா."

அவளுக்குச் சட்டென்று விளங்கவில்லை. தன் கடிதத்தை யாரோ விலைச்சீட்டாகப் படித்து, விலையையும் கொடுத்து, மீதியில்லை என்றும் சொல்லிவிட்டுப் போவதுபோல் இருந்தது.

"நான் விலகித்தானே நிக்கிறேன். உங்க பக்கம் வரலையே" என்றாள்.

"அதேதான் நானும் சொல்றேன். விலகியே நில்லுங்க. இன்னைக்கு வீட்டுக்குப் போய் நல்லா ரெஸ்ட் எடுங்க. அஞ்சு மணி தாண்டிட்டா எல்லாரும் நிம்மதியாத் தூங்கலாம். நான் தூங்கி மூணு நாளாச்சு. நூத்திப் பதினெட்டுப் பேரைக் கட்டி மேய்க்கிறேன். என்னை மேய்க்க ஒருத்தர் இருக்கார். அவரை மேய்க்கிறது யாருன்னு இன்னும் கண்டுபிடிக்கல."

"அஞ்சு மணிக்கு என்ன?"

கொறடா தம் தொலைபேசிகளில் ஒன்றை நிமிர்த்திப் பார்த்தார். அது ஒலிக்கவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. ஆபீஸ் மூடற நேரம்."

அவர் கெட்டவரல்லர். போகும்போது கோப்பையைத் தாமே எடுத்துப்போய் வெளியே வைத்தார். அவர் சொன்னவற்றில், எழுதிக் காட்டிப் புகார் கொடுக்கக்கூடிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. 'இருந்துச்சாம், இப்ப இல்லையாம்' என்பதை மழையைப் பற்றியும் சொல்லலாம்.

குழுச் செயலாளரின் அறை இரண்டாம் மாடியின் கோடியில் இருந்தது. முப்பத்து மூன்று ஆண்டுகளாக எக்கட்சிக்கும் வேண்டியவராகவோ வேண்டாதவராகவோ ஆகாமல் அவ்விருக்கையில் இருந்தவர் அவர். யாரிடமும் கருத்துச் சொல்லமாட்டார். வெயில் அடிக்கிறதா என்று கேட்டால் ஜன்னலைத் திறந்து காட்டுவார்.

"அஞ்சு மணிக்கு என்ன சார்?" என்று கேட்டாள்.

"பதினாலாம் விதிங்க, மேடம்." புத்தகத்தைத் தேடாமலே எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். "'குறித்த நாளில் மாலை ஐந்து மணிக்குள், கையொப்பமிட்ட மறுப்புக் குறிப்பைத் தாமே நேரில் ஒப்படைக்காத உறுப்பினர், அறிக்கைக்கு உடன்பட்டவராகக் கொள்ளப்படுவார்.'"

"நான்தான் விலகறேன்னு கடிதம் கொடுத்திருக்கேனே."

"வந்துச்சுங்க. கோப்புல இருக்கு."

"அப்ப நான் எந்தப் பக்கமும் இல்லதானே?"

செயலாளர் அவளைப் பார்த்தார். பிறகு அதே விதியை, முதலிலிருந்து, இன்னும் மெதுவாக வாசித்தார். 'உடன்பட்டவராக' என்ற சொல்லில் சற்று நின்றார். அவருடைய பணிக்காலத்தில் அவர் யாருக்கும் அளித்த அதிகபட்ச அறிவுரை அதுவாக இருக்கக்கூடும்.

"விலகறதுன்னு ஒண்ணு இந்தப் புத்தகத்துல இல்லையா?"

"அந்தச் சொல்லே இல்லீங்க."

மௌனம் சம்மதம் என்பதைப் பழமொழியாக அவள் அறிந்திருந்தாள். விதியாக அச்சிட்டு எண்ணும் போட்டிருப்பார்கள் என்று எண்ணியதில்லை. மீதியை அவள் கேட்காமலே அவர் சொன்னார். ஏழு பேரும் உடன்பட்டால் அது ஒருமித்த அறிக்கை. அவையில் விவாதம் கிடையாது, வெள்ளிக்கிழமை குரல் வாக்கெடுப்பில் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரே ஒருவர் மறுத்தாலும் பிரிவு பிரிவாக விவாதிக்க வேண்டும். பேசுகிறவர்கள் எழுந்து நின்று, பெயர் பதிவாகும்படி பேச வேண்டும்.

"அப்படிப் பேசினா மசோதா தோத்துடுமா?"

"எண்ணிக்கை மாறாதுங்க. ஜெயிக்கும்னுதான் தோணுது." தோன்றியதைச் சொல்லிவிட்டோமே என்று உடனே புத்தகத்தை மூடினார். "ஆனா கேட்டுட்டு ஜெயிக்கும்."

அவள் மறுப்புக் குறிப்புக்கான தாள் ஒன்றை வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கத்துக்கு மிகாமல் எழுத வேண்டும் என்றார்.

படியிறங்கும்போது கணக்கு தெளிவாக இருந்தது. பேசாமல் இருந்தால் கணவர் இதே ஊரில், இதே வீட்டில் இருப்பார். மறுத்தால் அவை விவாதிக்கும், மசோதா வெல்லும், பட்டியல் வரும், முதல் பக்கத்தில் அவர் பெயர் திரும்பவும் ஏறும். தொகுதியை விட்டு அவள் போக முடியாது. பன்னிரண்டு மணி நேர ரயிலுக்கு அப்பால், கண்ணை இறுக மூடிக்கொள்ளும் ஒரு மனிதர் தனியாக இருப்பார். கண்ணழுத்தம் வலிக்காது, சொல்லாமல் கொள்ளாமல் ஓரங்களிலிருந்து பார்வையைத் தின்றுகொண்டு வரும். வார்டில் அப்படிப் பார்வை இழந்தவர்களின் கையைப் பிடித்துக் கழிப்பறைக்கு அழைத்துச் சென்றவள் அவள்.

அவரிடம் கேட்டுவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அமைச்சகம் வாதியாகவோ பிரதிவாதியாகவோ, ஒரு கட்சிக்காரராக நிற்கும் வழக்குகள் அவர் முன் பதினேழு இருப்பதாகச் செய்தித்தாளில் வந்திருந்தது. சலுகை ஒன்று தம் தலைமேல் தொங்குகிறது என்று தெரிந்த கணமே பதினேழிலிருந்தும் விலகிவிடுவார். விலகிய கையோடு தம் பெயரைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லி அவரே கடிதமும் எழுதுவார். ஆக, சொன்னாலும் போய்விடுவார். இருபத்தேழு ஆண்டு இல்லறத்தில் அவரைப் பற்றி அவரிடம் கேட்காமல் அவள் எடுக்கவேண்டிய முதல் முடிவு அது.

நண்பகல் சொட்டு ஒன்றேகால் மணிக்கு. இடைவேளையில் அவர் நடந்து வீட்டுக்கு வருவார், அவளும் வந்துவிடுவாள். அன்று அவள் பத்து நிமிடம் முன்னதாகவே படியேறினாள். கதவு சாத்தியிருக்கவில்லை.

நீதிபதி சமையலறை நாற்காலியில், அதே சாய்வில், தனியாக உட்கார்ந்திருந்தார். உயர்த்திய கையில் ஒரு பழைய மருந்துக் குப்பி. அதிலிருந்து ஒரு சொட்டு அவர் கன்னத்தில் விழுந்தது, அடுத்தது காதில், மூன்றாவது கழுத்துப்பட்டையில். கண் மட்டும் கிணறு வற்றிய ஊர்போல் காய்ந்திருந்தது. மேசையில், பழைய வழக்குப் பட்டியலின் பின்பக்கத்தில், அவருடைய நேர்த்தியான கையெழுத்தில் ஓர் அட்டவணை: பிப்ரவரி 21, பத்தில் சுழியம். பிப்ரவரி 22, பத்தில் சுழியம். பிப்ரவரி 28, பத்தில் ஒன்று, ஐயத்துக்குரியது. மார்ச் 8, பத்தில் இரண்டு.

மசோதா நாளிதழ்களில் வந்தது பிப்ரவரி இருபதாம் தேதி.

"என்ன பண்றீங்க?"

அவர் திடுக்கிட்டதில் நான்காவது சொட்டு மீசையில் விழுந்தது. "வெறும் தண்ணிதான். காய்ச்சி ஆற வெச்சது. மருந்தை வீணாக்கல."

"அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்."

"பயிற்சி." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நீ தொகுதிக்குப் போற நாள்ல உதவுமேன்னு."

"எங்க போனாலும் சாயங்காலத்துக்குள்ள வந்துடறேனே."

"வர முடியாத நாள்னு ஒண்ணு வரலாம் இல்லையா. எல்லா வாய்தாவுக்கும் சாட்சி வந்துட்டே இருக்கும்னு எதிர்பார்க்கக்கூடாது."

"இருபத்தொண்ணாம் தேதியிலிருந்து எதிர்பார்க்கலையா?"

"தேதி தற்செயல்."

"நீங்க தற்செயலா ஒரு பொத்தான்கூடப் போட்டு நான் பார்த்ததில்ல."

அவர் கழுத்துப்பட்டையை ஒற்றிக்கொண்டார். அவள் மேலும் கேட்கவில்லை. வீட்டுச் சட்டம் அவர்களுக்கு நடுவில், நாற்காலி போட்டு உட்கார்ந்த மூன்றாம் ஆளாக இருந்தது. ஆனால் அட்டவணை மேசைமேல் இருந்தது; அதை அவர் மறைக்கவும் முயலவில்லை. மறைப்பதற்குப் பழகிய மனிதர் இல்லை என்பது ஒருபுறம். அவள் பார்க்கட்டும் என்றே விட்டிருந்தாரோ என்பது இன்னொரு புறம். எப்படியானாலும், எதையும் கேட்காமல், எதையும் சொல்லாமல், பதினேழு நாள்களாக அவர் கன்னத்தை நனைத்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திருங்க. கூடத்துக்கு வந்து படுங்க" என்றாள்.

"எதுக்கு?"

"படுங்கன்னா படுங்க."

நீள் இருக்கையில் படுத்தார். கால் வெளியே நீட்டிக்கொண்டது.

"இப்பக் கண்ணை மூடுங்க."

"மூடவா? நாலு வருஷமா திற, திறன்னுதானே திட்டின?"

"மூடுங்க. குப்பியை நீங்களே பிடிங்க. மேல தூக்காதீங்க, மூக்குப் பக்கமா கொண்டு வாங்க. இதோ, இந்தக் குழியில." அவர் விரலைப் பிடித்துக் கண்ணின் உள்மூலையில் வைத்துக் காட்டினாள். "கண்ணு மூடியே இருக்கட்டும். ஒரு சொட்டு இங்க விடுங்க. விட்டாச்சா? இப்ப மெதுவாத் திறங்க."

திறந்தார். மூலையில் தேங்கியிருந்த நீர், யாரும் சொல்லாமலே, கண்ணுக்குள் வழிந்து இறங்கியது. அவர் சிமிட்டிக்கொண்டு கூரையைப் பார்த்தார்.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான். கைக்குழந்தைங்களுக்கு இப்படித்தான் விடுவோம்."

"அப்ப இது உனக்கு நாலு வருஷமாத் தெரியும்?"

"நர்ஸா சேர்ந்த நாள்லயிருந்தே தெரியும்."

"ஏன் சொல்லல?"

அவள் குப்பியின் மூடியைத் தேவைக்கு மேல் நெடுநேரம் திருகினாள்.

"சொல்லியிருந்தா காலைல ஆறு நாப்பதுக்கு எனக்கு என்ன வேலை?"

நீதிபதி எழுந்து உட்கார்ந்தார். அவள் கையை எடுத்துத் தம் இரு கைகளுக்குள் வைத்துக்கொண்டார்.

"உண்மையை மறைச்சது நிரூபணமாயிருக்கு" என்றார்.

"தண்டனை?"

"இந்த வாரப் பாத்திரமும் உனக்கே."

"மேல்முறையீடு உண்டா?"

"இந்த வீட்ல இதுக்கு மேல கோர்ட்டு இல்ல."

உண்மையான மருந்தையும் அவரே விட்டுக்கொண்டார். இரண்டு கண்ணிலும் முதல் முயற்சியிலேயே விழுந்தது. அவள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். கண்ணோரத்தை அழுத்த மட்டும் அவர் தம் கையைக் கொண்டுபோகவில்லை, காத்திருந்தார். அவள் குனிந்து விரலை வைத்தாள். இரண்டு நிமிடம் என்பது கணக்கு. ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆனது.

அவர் நீதிமன்றத்துக்குப் போனபின், தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவள் தன் மேசையில் உட்கார்ந்தாள். நோயாளியின் படுக்கையடியில் தொங்கும் அட்டையில் எழுதிப் பழகிய கை. ஐயத்துக்கு இடமில்லாத உருண்டை எழுத்து. 'ஒரு வழக்கில் கட்சிக்காரராக உள்ளவரிடம், அவ்வழக்கை விசாரிப்பவரை அகற்றும் அதிகாரம் இருக்கக்கூடாது. ஆகவே இவ்வறிக்கைக்கு நான் உடன்படவில்லை. என் கணவர் நீதிபதி என்பதை, இதை வாசிப்போர் அறிவதற்காக இங்கேயே பதிவு செய்கிறேன்.' அதன் கீழ், 'இம்மறுப்பால் எங்களுக்கு நன்மை ஏதுமில்லை' என்று எழுதியவள், அதைத் திரும்பப் படித்தாள். அது வாதம், அதுவும் மூக்கைச் சிந்திக்கொண்டு பேசும் வாதம். செயலாளரிடம் வாங்கிவந்த தாளை எடுத்து, முதல் மூன்று வாக்கியங்களை மட்டும் எழுதி, கையெழுத்திட்டாள்.

தூறல் அதற்குள் மழை என்று பெயர் சொல்லத் தக்கதாகியிருந்தது. நான்கரை மணிக்கு அவள் அவை வளாகத்தின் இரண்டாம் மாடியில் ஏறியபோது, நடைவழியில் கொறடா நின்றிருந்தார். அவளைக் கண்டதும் மூன்று தொலைபேசிகளையும் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"என்னக்கா, இந்த மழையில? ரெஸ்ட் எடுக்கச் சொன்னேனே."

"எடுத்தாச்சு தம்பி."

அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். முகம் வாடியது, கோபம் வரவேண்டிய இடத்தில் களைப்புதான் வந்தது.

"அண்ணனைப் பத்தி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா?"

"அவரைப் பத்தி மட்டும்தான் யோசிச்சேன்."

"பட்டியல் என் கையில இல்லக்கா. நாளைக்கு என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

"சொல்லமாட்டேன். எனக்குப் பதில் சொல்லவேண்டிய ஆள் நீங்க இல்ல."

"அடுத்த தடவை சீட்டும்..."

"வயசு பார்க்காம நர்ஸ் எடுக்கற ஆஸ்பத்திரி நிறைய இருக்கு. நீங்க போய் இன்னைக்காவது தூங்குங்க. கண்ணெல்லாம் சிவந்திருக்கு."

கொறடா நகரவில்லை, வழியையும் மறிக்கவில்லை. சுவரோரமாக ஒதுங்கி, அவள் போகுமளவு இடம் விட்டு நின்றார். அதற்குமேல் அவரால் யாருக்கும் செய்ய முடியாது என்பது அவளுக்குத் தெரியும். கடந்து போகையில் அவர் தோளில் லேசாகத் தட்டினாள்.

செயலாளர் தம் இருக்கையில், முன்னால் ஒன்றுமில்லாத மேசையுடன் உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் பேனாவைத் திறந்தார், மூடினார், எழுந்து நின்றார். மற்ற ஆறு உறுப்பினர்களும் ஒப்புதல் தாள்களைப் பணியாளர் மூலம் கொடுத்தனுப்பியிருந்தார்கள்; இணங்குவதற்கு நேரில் வரத் தேவையில்லை.

"நேரில் ஒப்படைக்கணும்னுதானே விதி?" என்றாள்.

"ஆமாங்க."

"மனசை மாத்திக்கணும்னா நேரம் இருக்கா?"

செயலாளர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இருபத்தாறு நிமிஷம் இருக்குங்க."

அவள் தாளை ஒருமுறை படித்தாள். எழுத்து ஒன்றும் மங்கவில்லை. ஓரத்தில் மட்டும் மழையின் ஈரம். அதைச் சேலைத் தலைப்பால் ஒற்றினாள். செயலாளர் அவசரப்படுத்தவில்லை. எத்தனையோ அறிக்கைகளை ஒரு கையால் வாங்கிக் கோப்பில் செருகிய அவர், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் நீட்டினார்.

அவள் கொடுத்தாள்.